கோபேயில ஆரின்ர வீட்டில தங்கிறது?

ஜப்பானுக்குப் போறதெண்டு முடிவெடுக்க என்ர மனிசனுக்கு மூண்டு வருசம் எடுத்தது. போய் எங்க தங்கிறதெண்டு முடிவெடுக்க இன்னும் நாலு மாசம். பிளேன் ரிக்கற் போட்டாச்சு. வேலையில லீவு எழுதிக் குடுத்தாச்சு. நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில எனக்குப் பதிலா நிக்கப்போற பிள்ளைக்கு, எந்தக் கிழவர் என்னத்துக்குக் கத்துவார், எந்தக் கிழவி எந்தப் பக்கம் சரிஞ்சு படுப்பா எண்டது வரைக்கும் சொல்லிக் குடுத்தாச்சு. தங்க இடம் மட்டும் இல்லை.

போறது கோபே எண்டு ஒரு துறைமுகப் பட்டினத்துக்கு. எங்கட மகள் அங்கதான் இருக்கிறாள். இதை நான் முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டால் என்ர மனிசன் அந்த நாலு மாசமும் இதை ஒருக்காலும் வாயால சொல்லேல்லை. ஆரும் கேட்டால் "துறைமுகம் பாக்கப் போறம்" எண்டுவார். இந்த மனிசன் இருவத்தேழு வருசமா இஞ்ச டென்மார்க்கில, ஓகூஸ் துறைமுகத்தில, ஒரு பண்டகசாலையில ஃபோர்க்லிஃப்ட் ஓடுறவர். விடிய எழும்பி நாங்கள் இருக்கிற ரண்டர்ஸில இருந்து கார் எடுத்துக்கொண்டு போய், பின்னேரம் வரைக்கும் கண்டெய்னருக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை ஒருக்காக் கடற்கரைப் பக்கம் போவமே எண்டு கேட்டால், "அங்க இருந்து பாத்தாலும் பாரம் தூக்கிற கிறேன்தான் தெரியும், வேண்டாம்" எண்டு சொல்லுறவர். அவருக்கு இப்ப துறைமுகம் பாக்க ஆசை வந்திட்டுதாம்! அதுவும் உலகத்தின்ர மற்றப் பக்கத்தில இருக்கிற துறைமுகம்.

மூண்டு வருசத்துக்கு முந்தி நடந்ததைச் சொல்லாட்டி இது விளங்காது. மகள் ஓகூஸில படிக்கேக்க, ஜப்பானில இருந்து படிக்க வந்த பெடியன் ஒருத்தனோட பழக்கம் பிடிச்சாள். ஒரு வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் ரோதூஸுக்குப் போய், அதுதான் நகரசபைக் கட்டடத்துக்கு, கையெழுத்து வச்சுக் கலியாணம் முடிச்சிட்டினம். மாதா கோயிலும் இல்லை, சுவாமியாரும் இல்லை, தாலியும் இல்லை, நாங்களும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் ஆரோ சிநேகிதன் எண்டு நினைச்சு றோல்ஸ் பொரிச்சனான்.

அந்தப் பெடியன் வாசல்ல சப்பாத்தைக் கழட்டி, முன்பக்கம் கதவைப் பாக்கத் திருப்பி, நேரா வச்சான். பிறகு சும்மா நிக்கேலாமல், சிதறிக் கிடந்த எங்கட செருப்பு, சப்பாத்து, என்ர மழைக்காலப் பூட்ஸ் எல்லாத்தையும் சேர்த்து அடுக்கி வச்சான். அதுக்கு முந்தியும் பிந்தியும் எங்கட வாசல் அவ்வளவு வடிவா இருந்ததில்லை. உள்ள வந்து இருந்தினம். மகள் விசயத்தைச் சொன்னாள், டெனிஷில. சின்னனில இருந்தே அப்பிடித்தான், நாங்கள் தமிழில கேப்பம், அவள் டெனிஷில மறுமொழி சொல்லுவாள். என்ர மனிசன் எழும்பி நிண்டு, மகளைப் பாத்து, பெடியனுக்கு விளங்கக் கூடாதெண்டு தமிழில, ஆறுதலா, ஒவ்வொரு சொல்லாச் சொன்னார். "இனி இந்த வீட்டு வாசல்படி மிதிக்காதை." வயசு போன மனிசன் ஒருத்தர் எழும்பி நிண்டு இவ்வளவு மரியாதையாக் கதைக்கிறார் எண்டால் அது ஆசீர்வாதமாத்தான் இருக்கும் எண்டு அந்தப் பெடியன் நினைச்சிட்டான் போல. அவனும் எழும்பி, இடுப்புவரைக்கும் குனிஞ்சு கும்பிட்டான். வேற ஆரின்ர வீட்டிலயும் நடந்திருந்தால் நான் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பன்.

நான் றோல்ஸ் தட்டோட கதவடியில நிண்டனான். எனக்கு வாய் எவ்வளவு நீளமெண்டு ரண்டர்ஸில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். கோயில் கூட்டத்தில சுவாமியாரையே இடையில மறிச்சுக் கதைச்சனான். வேலையில என்ர மேலதிகாரியம்மா என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால போவா. அண்டைக்கு அந்த வாயில இருந்து ஒரு சொல்லு வரேல்லை. தட்டோட திரும்பிக் குசினிக்குள்ள போனன். திரும்பி வரேக்க மகள் வாசல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிண்டாள். என்னை நிமிர்ந்து ஒருக்காப் பாத்தாள். பிறகு போயிட்டாள். ஒரு மாசத்தில ரெண்டு பேரும் கோபேக்குப் போய்ச் சேர்ந்திட்டினம். அது அவன்ர ஊர்.

எங்கட ஆக்களுக்கு என்ர மனிசன் சொன்ன கதை, மகளுக்குக் கொப்பன்ஹேகனில வேலை எண்டது. மூண்டு வருசமா நத்தாருக்கும் வராமல், உயிர்த்த ஞாயிறுக்கும் வராமல், மூண்டரை மணித்தியாலத் தூரத்தில அப்பிடி என்ன வேலையோ! ரண்டர்ஸ் தமிழாக்களுக்குத் தெரியாத விசயம் எண்டு ஒண்டு இல்லை. ஆனால் அவையும் நல்ல சனம், கோயில் முற்றத்தில "கொப்பன்ஹேகனில குளிரோ?" எண்டு கேட்டு, இவர் "ஓம், காத்துத்தான் கூட" எண்டு சொல்ல, தலையாட்டிப்போட்டுப் போவினம்.

எனக்கும் அவளுக்கும் போனில ஒரு தொடர்பு இருந்தது. நான் "சாப்பிட்டியோ?" எண்டு எழுதுவன். அவள் ஒரு பெருவிரல் படம் அனுப்புவாள். நான் "அங்க குளிரோ?" எண்டு எழுதுவன். பெருவிரல். மூண்டு வருசமா எனக்கும் என்ர பிள்ளைக்கும் நடுவில ஒரு பெருவிரல்தான் நிண்டது. அவளின்ர வீட்டுக் கதவைத் தட்டினால் திறப்பாளோ எண்டது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டிக் கிடந்தது. அதை எழுதிக் கேக்க எத்தனையோ தரம் போனைக் கையில எடுத்தனான். எழுதுவன், அழிப்பன். திறக்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டாளெண்டால்? அதைவிட அந்தப் பெருவிரலே போதும்.

கடைசியில நான்தான் சொன்னன், "வசந்தத்துக்கு நான் போறன். நீங்கள் வந்தால் வாங்கோ, வராட்டி வீட்டில இருந்து பாணும் பட்டரும் தின்னுங்கோ." ரெண்டு நாள் முகத்தை ஒரு முழத்துக்கு நீட்டிக்கொண்டு திரிஞ்சார். மூண்டாம் நாள் வந்து, "கோபே துறைமுகம் ஒரு காலத்தில பெரிய துறைமுகமாம், பாத்தால் நல்லதுதான்" எண்டார். சரி, மனிசன் வழிக்கு வந்திட்டார் எண்டு நான் சந்தோசப்பட்டன். எனக்குப் புத்தி இல்லை.

"எங்க தங்கிறது?" எண்டு கேட்டன்.

"அங்க தங்கேலாது" எண்டார். அங்க எண்டால் மகளின்ர வீடு. பேர் சொல்லக் கூடாத இடம் அது. "வாசல்படி மிதிக்காதை எண்டு சொன்ன நான், அவையின்ர வாசல்படி மிதிக்கிறதோ?"

கெப்பரைப் பாருங்கோ! எட்டாயிரம் கிலோமீற்றரோ ஒம்பதாயிரமோ பறந்து போவாராம். அதே ஊரில நிப்பாராம். ஆனால் படி மட்டும் மிதிக்க மாட்டாராம்.

எங்கட மேல்மாடியில தமிழ்நாட்டுப் பிள்ளை ஒண்டு இருக்குது. புருசன் கொம்பியூட்டர் வேலை, அவவும் கொம்பியூட்டர் வேலை, விடுமுறைக்குப் போறதும் கொம்பியூட்டரிலதான் தொடங்கும். போன வருசம் ஜப்பானுக்குப் போய் வந்தவை. அவவிட்டக் கேட்டன். உடன ஒரு அட்டவணையைத் திறந்தா. பச்சை, மஞ்சள், சிவப்பு எண்டு நிறம் நிறமா.

"ஆன்ட்டி, சிம்பிளா சொல்றேன். சன்னோமியான்னு மெயின் ஸ்டேஷன் இருக்கு, அது பக்கத்துல எடுத்தா எங்க போறதுக்கும் ஈஸி. ஆனா ரூம் ரொம்பச் சின்னது, பெட்டியைத் திறந்து வச்சா கட்டில் மேல ஏறித்தான் பாத்ரூம் போகணும். துறைமுகம் பக்கம் எடுத்தா வியூ சூப்பர், விலை ஜாஸ்தி. மேல மலைப்பக்கம் பழைய வெளிநாட்டுக்காரங்க வீடெல்லாம் இருக்கு, ரொம்ப அழகு. ஆனா ஏத்தம், அங்கிளுக்கு முழங்கால் வலின்னீங்களே, அது சரிப்படாது."

நல்ல பிள்ளை. நான் எல்லாத்தையும் ஒரு கடதாசியில எழுதிக்கொண்டு வந்து மனிசனிட்டக் காட்டினன். ஒவ்வொண்டுக்கும் அவரிட்ட ஒரு மறுமொழி இருந்தது.

ஸ்ரேசன் பக்கம்? "சத்தம்." மலைப்பக்கம்? "முழங்கால்." துறைமுகம் பாக்கிற ஜன்னல்? "இருவத்தேழு வருசமா கண்டெய்னர் பாக்கிறன், படுக்கையில கிடந்தும் அதையோ பாக்கிறது?"

"துறைமுகம் பாக்கத்தானே போறம் எண்டனீங்கள்?"

"நீர் சும்மா இரும்."

ஜப்பான்காரரின்ர பழைய மாதிரி விடுதியள் இருக்குது, தரையில பாய் விரிச்சு மெத்தை போட்டுப் படுக்கிறது. அதையும் காட்டினன். படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தார். "தரையில படுத்தது போதுமெண்டுதானே அகதியா வந்து கட்டில் வாங்கினனான். இப்ப காசு குடுத்துத் தரையில படுக்கிறதோ?" எண்டார். அங்க எல்லாரும் ஒண்டாக் குளிக்கிற வெந்நீர்க் குளியலறை இருக்குதெண்டும், உடுப்பில்லாமல்தான் இறங்க வேணுமெண்டும் நான் வாசிச்சுச் சொன்னன். சொல்லியிருக்கக் கூடாது. எழும்பிப் போய்ச் செபமாலையை எடுத்துக்கொண்டு வந்து இருந்தார். பிறகு பெட்டி மாதிரி அறை, ஒரு ஆள் ஊர்ந்து போய்ப் படுக்கிறது, அந்தப் படத்தையும் காட்டினன். "இதுக்குள்ள கிடத்திறதெண்டால் அடக்கப் பூசையும் வைக்க வேணும்" எண்டார். அதுக்கு நானும் சிரிச்சுப்போட்டன்.

உண்மை என்னெண்டால், என்ர மனிசனுக்கு எந்த ஹோட்டலும் பிடிக்காது, அது சொர்க்கத்தில இருந்தாலும். "எங்கட ஆக்கள் ஒரு ஊரில இருக்கேக்க ஹோட்டல்ல தங்கினால் சனம் என்ன நினைக்கும்?" இதுதான் எங்கட ஆக்களின்ர பத்துக் கட்டளைக்கு மேல பதினோராவது. இத்தனை வருசத்தில நாங்கள் ஹோட்டல் எண்டு ஒண்டுக்குள்ள தலை வச்சுப் படுத்ததில்லை. பாரிசில பதினொரு பேருக்கு ஒரு கக்கூஸ், விடிய எழும்பி வரிசையில நிண்டனாங்கள். லண்டனில ஹோலில கம்பளம் விரிச்சு, மேல கிறிஸ்மஸ் மரம் மின்னி மின்னி அணைய, அதுக்குக் கீழ கிடந்தனாங்கள். பாரிஸ் எப்பிடி எண்டு கேட்டால் எனக்குக் கோபுரம் ஞாபகமில்லை, அந்த வரிசைதான் ஞாபகம்.

வாறவையும் அப்பிடித்தான். ஒருக்கா ஜெர்மனியில இருந்து ஒரு குடும்பம், நாலு பேர், வந்து பெல் அடிச்சினம். "வாங்கோ, வாங்கோ" எண்டம். சோறு, கறி, படுக்கை எல்லாம் குடுத்தம். அவரின்ர சொந்தம் எண்டு நான் நினைச்சன், என்ர சொந்தம் எண்டு அவர் நினைச்சார். ரெண்டாம் நாள் மத்தியானம்தான் தெரிஞ்சது, அவை அடுத்த வாசலில இருக்கிற தமிழ் வீட்டுக்கு வந்தவை எண்டு. அந்த வீட்டுக்காரர் ரெண்டு நாளா இவையைத் தேடிப் பொலிசுக்குப் போன் அடிக்கப் பாத்தினமாம். போகேக்க அந்த மனிசி என்ர கையைப் பிடிச்சு, "உங்கட மீன்குழம்பு விட்டுட்டுப் போக மனமில்லை" எண்டா. நாங்கள் இப்பிடியான ஆக்கள்.

ஆகவே என்ர மனிசன் கோபேயில தமிழ் வீடு தேடத் தொடங்கினார். சொந்தப் பிள்ளை இருக்கிற ஊரில, முன்பின் தெரியாத தமிழன் ஆரும் இருக்கிறானோ எண்டு!

"அவளிட்டக் கேளுங்கோவன்" எண்டன்.

"நான் கேக்கிறதோ?"

"கேட்டால் என்ன, வாய் அழுகிப் போயிடுமோ?"

"அப்ப நீர் கேளுமன்."

அதோட நான் பாத்திரம் கழுவப் போயிட்டன். அந்த மனிசனை நான் இவ்வளவு நக்கல் அடிக்கிறன், எனக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் ஒண்டும் இல்லை. அவருக்குக் கெப்பர். எனக்குப் பயம்.

லண்டனில இவரின்ர மச்சான் ஒருத்தர் இருக்கிறார், ஒண்டுவிட்ட தங்கச்சியின்ர புருசன். உலகத்தில எந்த மூலையில எந்தத் தமிழன் இருக்கிறான் எண்டு அவரிட்டத்தான் கேக்கிறது. வேலை வெட்டி அவருக்கு என்னெண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது, எந்த நேரம் எடுத்தாலும் போனில நிப்பார். எங்கட மகள் கொப்பன்ஹேகனில எண்டுதான் அவருக்கும் கதை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்ர மனிசன் ஹோலில இருந்து அவருக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். நான் குசினியில வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நிண்டன்.

"மச்சான், கோபேயில எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு ஒருக்கா விசாரியும். பேர் ஒண்டும் சொல்ல வேண்டாம், டென்மார்க்கில இருந்து ரெண்டு பேர், வயசு போன ஆக்கள் எண்டு மட்டும் சொல்லும். பத்து நாள்தான். கரைச்சல் ஒண்டும் குடுக்க மாட்டினம்."

கரைச்சல் ஒண்டும் குடுக்க மாட்டினம் எண்டு சொல்லிப்போட்டு, மனிசன் மூச்சு எடுத்தார். பிறகு தொடங்கினார். "ஐயாவுக்கு முழங்கால் ஏலாது, தரையில படுக்க மாட்டார், கட்டில் வேணும். தலகாணி மூண்டு வேணும், ரெண்டு தலைக்கு, ஒண்டு காலுக்கு. விடிய அஞ்சு மணிக்கு இஞ்சி போட்ட பிளேன்ரீ குடிக்கிறவர். ஜன்னல் கொஞ்சம் திறந்து கிடக்க வேணும், குளிரெண்டாலும். பின்னேரம் செபமாலை சத்தமாச் சொல்லுவினம். அம்மா மீன் சமைப்பா, மணக்கும், அதையும் முன்கூட்டியே சொல்லிப்போடும். வேற ஒண்டும் இல்லை."

வேற ஒண்டும் இல்லையாம்! வெங்காயத்தை விட்டுட்டு ஹோலுக்குப் போனன். "உந்த ஐயாவை நானே வீட்டுக்குள்ள எடுக்க மாட்டன்" எண்டன். அவர் அதுக்குள்ள அனுப்பிப் போட்டார்.

லண்டன் மச்சான் அதைக் கேட்டு, ஜப்பானில பழைய கார் வாங்கிக் கப்பலேத்திற தமிழ்ப் பெடியன் ஒருத்தனுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். பேர் சொல்ல வேண்டாம் எண்டதால, மனிசன்ர குரலில இல்லாமல், தானே திருப்பிச் சொல்லி. அந்தக் கார்ப் பெடியன் கோபேயில தனக்குத் தெரிஞ்ச தமிழ் ஆள் எண்டு ஒருத்தருக்குத்தான் தள்ளிவிட்டிருக்கிறான். எங்களுக்கு அப்ப இதொண்டும் தெரியாது. ஒரு கிழமை ஒரு சத்தமும் இல்லை. என்ர மனிசன் வேலையில ஃபோர்க்லிஃப்டை நிப்பாட்டிப்போட்டுப் போனைப் பாத்திருக்கிறார், அதுக்குப் பேச்சும் வாங்கினவர்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போயிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில இருக்கேக்கதான் வந்தது. முதல் லண்டன் மச்சான்ர குரல். சந்தோசத்தில கத்திறார். மேசையில போனை வச்சு ரெண்டு பேரும் கேட்டம்.

"மச்சான், இடம் சரி! கோபேயில எங்கட பிள்ளை ஒண்டு இருக்குதாம். நல்ல பிள்ளை போல கிடக்கு, குரலைக் கேட்டால் தெரியுது. நீங்கள் கேட்ட கட்டில் எல்லாம் இருக்குதாம். ஆனால் மச்சான், கேக்க எனக்கே ஒரு மாதிரிப் போச்சு. தாய் தேப்பன் இருந்தும் போய்ப் பாக்கேல்லையாம். என்ன மனிசரோ, ஆரோ பெத்த பிள்ளையை இப்பிடி விட்டிருக்கிறாங்கள்! சரி, அது எங்களுக்கு ஏன், கேளும்."

அதுக்குக் கீழ இன்னொரு பதிவு. என்ர மனிசன் அமத்தினார்.

"வணக்கம்."

அந்த ஒரு சொல்லோட அவரின்ர கை சோத்துக்குள்ள அப்பிடியே நிண்டிட்டுது. அது எங்கட மகளின்ர குரல்.

"டென்மார்க்கில இருந்து வாற ஐயாவுக்கும் அம்மாவுக்கும். எங்கட வீட்டில ஒரு அறை இருக்கு. அது என்ர அப்பா அம்மாவுக்கு எண்டு வச்ச அறை. அவை வரேல்லை. சும்மா கிடக்கு. நீங்கள் வந்து தங்கலாம். கட்டில் இருக்கு. ஜன்னல் திறக்கலாம், கடல் தெரியும், கப்பலும் தெரியும். மீன் சமைக்கலாம், பிரச்சினை இல்லை. என்ர ஹஸ்பண்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனா இஞ்சி ரீ போடத் தெரியும், நான் காட்டிக் குடுத்தனான். வாங்கோ."

எங்களோட ஒரு நாளும் கதைக்காத தமிழ். தேடித் தேடி எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில நிண்டு மூச்சு வாங்கி, ஆரோ பிறத்தியாருக்கு எண்டு கதைச்ச தமிழ். என்ர மனிசன் திருப்பியும் போட்டார். மூண்டாம் தரமும் போட்டார். "அவை வரேல்லை" எண்ட இடம் வரேக்க ஒவ்வொரு தரமும் கண்ணை மூடினார். பிறகு மூக்கை உறிஞ்சிப்போட்டு, "பிள்ளைக்குத் தமிழ் நல்லா வருது" எண்டார்.

வந்துது எனக்கு ஒரு விசர்! "தமிழோ இப்ப பிரச்சினை? அந்தப் பிள்ளை அறை ஒண்டு வச்சுக்கொண்டு இருந்திருக்கு. நீங்கள் ஊர் உலகமெல்லாம் படுக்கை கேட்டுத் திரியிறியள்! ஆரெண்டே தெரியாத கார் விக்கிறவனிட்டக் கேக்க வாய் வந்துது, பெத்த பிள்ளையிட்டக் கேக்க வாய் வரேல்லை! லண்டனில இருந்து அந்த மனிசன் உங்களைக் காறித் துப்பாத குறையாச் சொல்லுறார், அது உங்களைத்தான் எண்டும் அவருக்குத் தெரியாது. எடுங்கோ போனை. இப்ப எடுங்கோ."

"அவளுக்குத் தெரியாது, நாங்கள்தான் எண்டு" எண்டார், சின்னப் பிள்ளை மாதிரி. "தெரிஞ்சால் வரச் சொல்லுவாளோ?"

அதுதான் கேள்வி. மூண்டு வருசமா என்ர கேள்வியும் அதுதான். ஆரோ டென்மார்க்காரருக்குத் திறக்கிற கதவு எங்களுக்கும் திறக்குமோ?

கையைக் கழுவிப்போட்டு வந்து எடுத்தார். ஸ்பீக்கரில போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. அங்க இரவுச் சாப்பாடு முடிஞ்சிருக்கும். எடுக்க மாட்டாள் எண்டு நான் நினைக்க, எடுத்தாள். "ஹலோ" எண்டாள். இவர் போனையே பாத்துக்கொண்டு இருந்தார். நான் மேசைக்குக் கீழால காலில உதைஞ்சன்.

"பிள்ளை" எண்டார். "அந்த டென்மார்க் ஆக்கள்... அது நாங்கள்தான்."

"தெரியும் அப்பா" எண்டாள்.

தமிழில. இந்த முறை எங்களுக்கு.

"எப்பிடித் தெரியும்? நான் பேர் சொல்ல வேண்டாம் எண்டனான்."

"காலுக்கு ஒரு தலகாணி கேக்கிற ஆள் டென்மார்க்கில வேற ஆர் இருக்கினம்?" அவள் சிரிச்சாளோ அழுதாளோ எனக்கு விளங்கேல்லை. "மூண்டு தலகாணியும் வாங்கி வச்சு ரெண்டு வருசம்."

அப்ப எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் அந்தப் பதிவை அனுப்பியிருக்கிறாள். அப்பா அம்மாவுக்கு எண்டு வச்ச அறை, அவை வரேல்லை எண்டு, லண்டனைச் சுத்தி எங்களுக்கே சொல்லி அனுப்பியிருக்கிறாள். தேப்பன்ர மகள். நேர கேக்க அவளுக்கும் வாய் வரேல்லை.

என்ர மனிசன் அழுறார். இருவத்தேழு வருசம் துறைமுகத்தில வேலை செய்த மனிசன், சாப்பாட்டு மேசையில, பருப்புக்கறி கோப்பைக்கு முன்னால. "படி..." எண்டு தொடங்கினார். "அண்டைக்கு அந்தப் படியெண்டு நான்..."

"அதை வந்து கதைப்பம் அப்பா" எண்டாள். பிறகு, "அம்மா பக்கத்தில நிக்கிறாவோ?"

"நிக்கிறா."

"இந்த முறையாவது ஏதாவது கதைக்கச் சொல்லுங்கோ."

போனை என்ர கையில தந்தார். சுவாமியாரை மறிச்சுக் கதைச்ச வாய் இது. ரண்டர்ஸ் முழுக்கக் கேக்கிற வாய். "நான் அண்டைக்குக் கதைக்காதது பிழை, பிள்ளை" எண்டன். அதுக்கு மேல எனக்கு ஒண்டும் வரேல்லை. அவள் போனை வைக்காமல் நிண்டாள்.